ஏழு மணி ஜெபமும் என் மகளின் கையெழுத்தும்

1

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தில் மூன்றே செய்தி. உங்கள் மகளுக்குப் பதினான்கு வயது நிறைந்துவிட்டது. மத வகுப்பிலிருந்து விலகிக்கொள்வதாக அவள் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறாள். தலைமையாசிரியை முன் அவள் அதை நேரில் உறுதிசெய்யும்போது, விரும்பினால் நீங்களும் வந்து உட்காரலாம்.

விரும்பினால்! சம்மதமா என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போடு என்று கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வா என்று கூப்பிடுகிறார்கள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு விளங்காது, அதனால் சொல்கிறேன். நான் இருக்கும் ஜெர்மனியில் பள்ளியிலேயே கிறிஸ்தவ மத வகுப்பு உண்டு. பதினான்கு வயதானால் எந்த மதம், மதம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிள்ளை தானே தீர்மானிக்கலாம், சட்டம் அப்படி. என் மகள் நீச்சலுக்குப் போக என் கையெழுத்து வேண்டும். வகுப்போடு இரண்டு நாள் வெளியூர் போக வேண்டும் என்றால் நாலு தாளில் என் கையெழுத்து வேண்டும். ஆண்டவரை விட்டு விலக மட்டும் அவள் கையெழுத்தே போதும்.

நான் கிழக்குத் தாம்பரத்துக்காரன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனிக்குப் படப்பை வழியாகக் கம்பெனி பஸ்ஸில் ஆறு வருஷம் தூங்கி விழுந்துகொண்டே போய் வந்தவன். அங்கிருந்து இங்கே வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. மகளின் பெயரை ஜெமிமா என்று வைத்துக்கொள்கிறேன். அது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. மாற்றச் சொன்னது அவள்தான், ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

கடிதம் வந்த அன்று நான் யாரையெல்லாம் திட்டினேன் என்று கேளுங்கள். இந்த நாட்டை, போனை, அவள் சிநேகிதிகளை, இந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த என் மனைவி பிரேமாவை.

"முதல்ல அவகிட்ட ஏன்னு கேளுங்க" என்றாள் பிரேமா.

நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, உம்மை மறுதலித்துக் கையெழுத்துப் போட்ட இந்தக் கையை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று ஆரம்பித்தேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது ஜெமிமா அங்கே இல்லை. எங்கள் வம்சத்தில் ஜெபத்தின் நடுவில் எழுந்து போன முதல் ஆள் அவள்தான்.

2

அந்த ஏழு மணி தாம்பரத்திலிருந்து வந்தது. என் அப்பா மின்சார ரயில் பணிமனையில் ஃபிட்டர். ஐந்தரைக்கு வீடு திரும்பி, கையிலிருக்கும் கிரீஸ் போகத் தேங்காய் நாரால் தேய்த்துக் குளித்து, ஏழு மணிக்குப் பாயை விரிப்பார். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபம். கடைசியில் அப்பா.

அப்பா எங்களை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. நேரில் திட்டியதும் கிடையாது. எல்லாவற்றையும் ஏழு மணிக்கு வைத்துக்கொள்வார். நான் ஐந்தாம் வகுப்பில் பள்ளிக்கு மட்டம் போட்டு வண்டலூருக்கு மிருகம் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்தேன், அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன். ஜெபத்தில் வந்தது. "பிதாவே, பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டு வண்டலூர்ல குரங்குக்குக் கடலை போடுற பிள்ளையை நீர் கண்ணோக்கிப் பாரும். அவன் பொய் சொன்ன நாவைச் சுத்திகரியும். ஆமென்."

பதில் சொல்ல முடியாது. அது ஜெபம். யார் சொன்னது, எப்படித் தெரிந்தது என்று கேட்க முடியாது. கண்ணைக்கூடத் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, முடிவில் நாமே ஆமென் சொல்ல வேண்டும். நம் மேல் விழுந்த திட்டுக்கு நாமே ஆமென்.

அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவள் முறை வரும்போது, "ஆண்டவரே, குழம்புல உப்பு கம்மின்னா வாயத் தொறந்து கேட்டு வாங்கிச் சாப்பிடுற பொறுமையை இந்த வீட்டு மனுஷருக்குக் கொடும்" என்பாள். அடுத்த நாள் அப்பா, "நாவடக்கம் இல்லாத ஸ்திரீகளுக்காகவும் ஜெபிக்கிறோம்" என்பார். இருவரும் பேசிக்கொள்ளாத வாரங்களில் எங்கள் வீட்டில் சண்டை இப்படித்தான் நடந்தது, ஆண்டவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் சிரிப்பை அடக்கப் பாயைக் கிள்ளிக்கொண்டிருப்போம்.

சிரித்ததெல்லாம் அக்காவுக்குப் பதினெட்டு வயது வரைக்கும்தான்.

3

எஸ்தர் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்லூரிக்கு மின்சார ரயிலில் போய் வருவாள். ஒருநாள் ஒரு பையன் அவளிடம் கடிதம் கொடுத்திருக்கிறான். அவள் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தானாகவே சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். அப்பா அவள் தலையில் கை வைத்து, "நல்லதும்மா, எங்கிட்ட சொன்னியே, அதுவே போதும்" என்றார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். தெருவிலிருந்தும் சபையிலிருந்தும் இருபது பேர். அப்பா ஜெபித்தார், நன்றாகத்தான் ஜெபித்தார். மழைக்காக, நோயாளிகளுக்காக, வேலையில்லாத வாலிபருக்காக. பிறகு எங்கள் வீட்டு விஷயத்துக்கு வந்தார். "ரயில்ல கடிதம் நீட்டுற கைகளுக்கு எங்க வீட்டுப் பெண்பிள்ளையை விலக்கிக் காத்துக்கொள்ளும், அவ கண்கள் அலைபாயாதபடி காத்துக்கொள்ளும்."

எல்லாரும் ஆமென் என்றார்கள். எல்லாரையும்விட உரக்கச் சொன்னது நான். சின்னப் பையன் உரக்க ஆமென் சொன்னால் பெரியவர்கள் பாராட்டுவார்கள், முறுக்குத் தட்டு முதலில் என்னிடம் வரும். அன்றும் வந்தது.

கூட்டம் கலைந்ததும் அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டாள், "ஏம்பா எல்லார் முன்னாடியும் சொன்னீங்க?"

அப்பா நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "நான் யார்கிட்டம்மா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

அதன்பிறகு அக்கா ஜெபத்தில் வாய் திறக்கவில்லை. கோயிலுக்குப் போவாள், பாட்டுக்கு எழுந்து நிற்பாள். ஜெபத்தில் அவள் முறை வந்தால் சட்டென்று எல்லாருக்கும் மனப்பாடமான பரமண்டல ஜெபத்தைத் தொடங்கிவிடுவாள். எல்லாரும் கூடச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள், முறை தாண்டிப் போய்விடும். இப்படியே முப்பத்தைந்து வருஷம் ஓட்டிவிட்டாள். அப்பா சாகும்வரை, "எஸ்தருக்குக் கூச்ச சுபாவம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

4

இங்கே எங்கள் ஞாயிற்றுக்கிழமை எப்படி என்றால், எதிரே இருக்கும் பெரிய கோயிலில் பத்து மணிக்கு மணி அடிக்கும். எட்டுக் கிழவிகள் உள்ளே போவார்கள். நாங்கள் போர்வைக்குள் உட்கார்ந்து தாம்பரத்து ஆராதனையின் பதிவை டிவியில் போட்டுப் பார்ப்போம். மாதம் ஒருமுறை வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் தமிழர்கள் நாற்பது பேர் கூடுவோம். மற்ற நாளெல்லாம் ஏழு மணி.

பிள்ளைக்கு ஜெபத்தின்மேல் ஆசை வர வேண்டும் என்று நான் படாத பாடில்லை. படம் போட்ட வேதாகமம் வாங்கினேன். வசனம் ஒப்பித்தால் ஐஸ்கிரீம் என்றேன். தமிழ் படிக்க வராது என்பதால் ஜெபத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து வயதில் ஜெமிமா பக்கத்து வீட்டுப் பூனைக்காக, மழையில் நனைந்த சைக்கிளுக்காக, நர்சரியில் தன்னைக் கடித்த பையனின் பல்லுக்காக ஜெபிப்பாள். முடிக்கவே மாட்டாள், நாங்கள்தான் ஆமென் சொல்லி நிறுத்துவோம். அந்தப் பிள்ளைதான் இது.

ஒருமுறை மேல்மாடி வீட்டம்மா பிரேமாவை மாடிப்படியில் நிறுத்தினாள். "தப்பாக நினைக்க வேண்டாம். தினமும் ஏழு மணிக்கு உங்கள் கணவர் யாரையோ திட்டுகிறார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? உதவி ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டாள்.

அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்தேன்! ஜெபத்துக்கும் திட்டுக்கும் வித்தியாசம் தெரியாத வெள்ளைக்காரி என்றேன். தாம்பரத்துக்குப் போன் போட்டு அப்பாவிடமும் சொன்னேன், அவரும் சிரித்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பொம்பளைக்கு விளங்கியது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

பிறகுதான் அந்தக் கூட்டம் வந்தது. கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்பு, மாதாந்தரக் கூடுகையில், "பிள்ளைகளுக்காக ஜெபம் பண்ணுங்க பிரதர்" என்றார்கள். எழுந்தேன். அந்த வாரம் ஜெமிமா என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். நூலகம் போகிறேன் என்று பொய் சொல்லிச் சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனதை, இரண்டு நாள் கழித்து அவளாகவே வந்து அழுதுகொண்டே சொன்னாள். நான் அணைத்துக்கொண்டு, "சரி விடு, யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லவும் இல்லை, பிரேமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு யோக்கியன் நான்.

ஆனால் கண்ணை மூடியதும் வாய் தானாகப் போனது. "பொய் சொல்லிட்டு சிநேகிதி வீட்டுக்குப் போகிற எங்க பிள்ளைகளை, என் சொந்த மகளை, நீரே திருப்பும் ஆண்டவரே." நாற்பது பேரும் ஆமென் என்றார்கள். தேநீர் நேரத்தில் கூட்டத்துக்கு வந்த ஒரு அம்மா ஜெமிமாவின் கன்னத்தைத் தட்டி, "இனிமே அப்பாகிட்ட பொய் சொல்லக் கூடாது, என்ன செல்லம்?" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் நன்றாக ஜெபித்ததாக நினைத்து இரண்டு சமோசா தின்றேன்.

5

தலைமையாசிரியை தன்மையான பெண். மேஜைமேல் மூன்று கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்திருந்தார். ஜெமிமா எழுதியதை வாசித்தார், ஒரே வரி, மனசாட்சியின் பொருட்டு விலகுகிறேன் என்று. உறுதிதானா என்று கேட்டார். உறுதிதான் என்றாள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாக, "நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்றார்.

நான்கு வாக்கியம் தயார்செய்து வைத்திருந்தேன். நாங்கள் எத்தனை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள், என் அப்பா சபையில் யார் என்றெல்லாம். ஆனால் என்னுடையது பதினைந்து வருஷமாகத் தொழிற்சாலையில் போல்ட்டும் நட்டும் பேசிய ஜெர்மன். "இவள் நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னேன், அதிலும் ஒரு பிழை விட்டேன். ஜெமிமா பழக்கத்தில் மெல்லத் திருத்தினாள். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

திரும்பி நடக்கும்போதுதான் கேட்டேன், "ஆண்டவர் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"அப்படி யாருப்பா சொன்னது? அந்த டீச்சர் நல்லவங்கதான். ஆனா இந்த வருஷத்துல இருந்து கிளாஸ் ஆரம்பிக்கும்போது கண்ணை மூடுங்க, ஒருத்தர் ப்ரே பண்ணட்டும்னு சொல்றாங்க. யார் கண்ணை மூடுங்கன்னு சொன்னாலும் எனக்கு எழுந்து ஓடணும்னு இருக்கு."

"ஏன்?"

நின்றுவிட்டாள். "நெஜமாவே தெரியலையா? நீங்க இயேசப்பாகிட்ட பேசுறதே இல்லப்பா. கண்ணை மூடிட்டு எங்கிட்ட பேசுறீங்க. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னீங்க. நாப்பது பேர் ஆமென் சொன்னாங்க."

நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை, நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னேன், "நான் யார்கிட்டம்மா சொன்னேன்? ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. அந்த ஊரின் சுத்தமான நடைபாதையில், கிழக்குத் தாம்பரத்துச் சமையலறை வாசலில் நிற்கிற மாதிரி நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அப்பாமேல் கோபமாக இருந்தது. என்மேல் வந்திருக்க வேண்டிய கோபம் அது.

அன்றிலிருந்து வீட்டில் ஏழு மணி ஜெபம் இல்லை. நிறுத்த வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஏழு மணி ஆகும், பிரேமா பாத்திரம் கழுவப் போவாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

6

அப்பாவின் முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு ஜெமிமாவையும் கூட்டிக்கொண்டு தாம்பரம் போனேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். "எஸ்தர் அத்தை வருவாங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. கூடத்தில் வாடகை நாற்காலிகள், மாலை போட்ட அப்பா படம், சபை உபதேசியார், உறவுக்காரர்கள். அக்கா நாவலூரிலிருந்து வந்து ஜெமிமாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

உபதேசியார் அப்பாவின் ஜெப வாழ்க்கையைப் பற்றிப் பேசினார். தன் பிள்ளைகளை ஜெபத்திலேயே வளர்த்தவர் என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொருவராக ஜெபிக்கச் சொன்னார். முறை சுற்றிக்கொண்டே வந்தது.

"பாப்பா, உனக்குத் தெரிஞ்ச பாஷையில பண்ணும்மா. ஆண்டவருக்கு ஜெர்மனும் தெரியும்" என்றார் உபதேசியார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கண்ணை மூடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அக்கா ஜெமிமாவின் கையைப் பிடித்தாள், பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். இரண்டு பேர் முறையும் ஒன்றாகத் தாண்டிப் போயின.

அடுத்தது நான். "ஆண்டவரே" என்றேன். வாயில் வந்த ஒவ்வொரு வாக்கியத்திலும் யாரோ ஒருவரின் பெயர் இருந்தது. அக்காவை, ஜெமிமாவை, பிரேமாவை, அப்பாவை. யார் பெயரும் இல்லாமல், யாரையும் திருத்தச் சொல்லாமல் எனக்கு ஒரு வரி வரவில்லை. நாற்பத்தைந்து வயதில் எனக்கு ஜெபிக்கத் தெரியாது என்று அங்கே கண்டுபிடித்தேன். எதிரே ஜெமிமாவும் கண்ணை மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. தன் பெயர் வருகிறதா என்று காத்திருந்தாள்.

"ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்துவிட்டேன். அவள் தோள் மெல்ல இறங்கியது. நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. ஆனால் அடி விழாமல் போன பிள்ளை அப்படித்தான் தோளை இறக்கும்.

பந்தி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பிரியாணி மாஸ்டர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "இன்னா சார், எல்லாரும் துன்னுகினு கீறாங்க, அக்காவும் பாப்பாவும் மேல மாடியில கீறாங்க. ஆறிப்பூடும் சார், கூப்டு."

மாடிப்படி ஏறினேன். கடைசிப் படிக்கு முன்பே குரல் கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் ஜெமிமாவின் குரல், பாதி ஜெர்மன், பாதி தமிழ், முடிக்கவே மனசில்லாத அந்த ஐந்து வயதுக் குரல். பிறகு முப்பத்தைந்து வருஷமாக நான் கேட்காத அக்காவின் குரல், பரமண்டல ஜெபம் இல்லை, அவளுடைய சொந்த வார்த்தைகள்.

நான் அப்படியே நின்றிருக்க வேண்டும். அல்லது இறங்கியிருக்க வேண்டும். கிட்டப் போய்க் கேட்க ஆசைப்பட்டேன். கால் பட்டு பிளாஸ்டிக் வாளி உருண்டது. இரண்டு குரலும் நின்றுவிட்டன.

"சும்மா கதை பேசிட்டிருந்தோம்பா" என்றாள் ஜெமிமா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பிரியாணி ஆறிடும்" என்றேன்.

அக்கா என்னைத் தாண்டி இறங்கும்போது தோளில் தட்டினாள். "பயப்படாதடா சாம். உன் பொண்ணு ஜெபம் பண்றா, நல்லாவே பண்றா. நம்ம அப்பா மாதிரி, அவ அப்பா மாதிரி ஆளுங்க இல்லாத இடமா பாத்துப் பண்றா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு இறங்கினேன்.

7

ஜெர்மனிக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. எதிர்க் கோயிலில் மணி அடிக்கிறது, எட்டுக் கிழவிகள் போகிறார்கள். ஜெமிமாவின் அறைக் கதவு சில நேரம் சாத்தியிருக்கும். உள்ளே முணுமுணுப்புக் கேட்டால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. பெற்ற மகளின் ஜெபத்தைக் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லை. அது யாரும் பறித்தது இல்லை, நானாகத் தொலைத்தது.

இதை அனுப்புவதற்கு முன் அவளை உட்கார வைத்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான். தமிழ் படிக்க வராது, கேட்டால் புரியும். பெயரை மாற்றச் சொன்னாள். மாடியில் என்ன கேட்டது என்பதை எழுதக் கூடாது என்றாள். நான் எழுதியிருந்த ஐந்து வரியை அவள் எதிரிலேயே அடித்தேன்.

பிறகு கேட்டாள், "இதப் படிக்கிறவங்க எல்லாரும் ஆமென் சொல்வாங்களா?"

"மாட்டாங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி, அனுப்புங்க" என்றாள்.